சட்டையில் ஒன்று

புந்தா அரேனாஸில் காற்று ஆளைச் சாய்க்கும்.
சதுக்கத்தில் கயிறு கட்டியிருப்பார்கள்
பிடித்துக்கொண்டு நடக்க.
மூன்றாம் மாடியில், இரட்டைக் கண்ணாடிக்கு உள்ளே
நாங்கள் காது கொடுப்பது
வேறொரு காற்றுக்கு.

பால்குடி மறவாத பிள்ளை என்று
யாரை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.
மிலென்கா பால்குடி கற்காதவள்.
இருபத்தெட்டாம் வாரத்தில் வந்துவிட்டாள்,
இன்று முப்பத்து நான்கு.
எடை ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து கிராம்.

மூக்கில் ஒரு குழாய். கன்னத்தில் அதை ஒட்டிய பிளாஸ்திரியில்
யாஸ்னா நண்டு வரைந்திருக்கிறாள்,
ஏழாவது காலில் பேனா தீர்ந்தது.
பால் இறங்குகிறது, வாய்க்குத் தெரியாமல்.
பசி வருவதும் போவதும்
பக்கத்து வீட்டுப் பேச்சைப் போல.

உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும்,
நடுவே மூச்சும் விட வேண்டும்.
இருப்பது ஒரே தொண்டை.
புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.
தெற்கே நண்டுப் படகில் இருக்கும் எலியாசரே,
கொஞ்சம் மெதுவாக நினையுங்கள்.

இரவு மூன்று மணி.
யாஸ்னா அவளை ஒருக்களித்துக் கிடத்துகிறாள்,
காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில்.
என் கைகளை நான் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.
ஒரு மிடறு.
இரண்டு.
மூன்றாவதில் புருவம் ஏறுகிறது,
விரல்கள் விசிறியாய் விரிகின்றன,
திரையில் தொண்ணூற்றாறு எண்பத்து நான்காகிறது.

"புட்டியைத் தாழ்த்து. எடுத்துவிடாதே, தாழ்த்து."
காத்திருக்கிறோம்.
எண்பத்தொன்பது. தொண்ணூற்று மூன்று.
மீண்டும் ஒரு மிடறு. அப்புறம்
உதடு தளர்ந்து, ஓரத்தில் பால் வழிந்து,
தூங்கிப்போனாள்.

"இன்னும் இருபத்தெட்டு மில்லி இருக்கிறது."
குழாயில் போகட்டும் என்றேன்.
"நீ குழாயின் கட்சி.
அடுத்த கட்டில்காரி வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறாள்."

அவளிடம் சொல்லவில்லை:
என் முதல் வருடத்தில்
ஒரு பையனுக்கு முழுப் புட்டியும் இறக்கினேன்,
கன்னத்தை அழுத்தி, காம்பைத் திருகித் திருகி.
அட்டவணையில் அழகான எண் விழுந்தது.
பிறகு பத்து நாள், புட்டியைக் கண்டாலே
அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அவன் அம்மா என்னைத்தான் நன்றியோடு பார்த்தாள்.

குழாயின் மேல்முனையில் சிரிஞ்சைப் பிடித்தேன்,
பால் தன் கனத்திலேயே இறங்கியது.
யாஸ்னா பேசவில்லை.
சுண்டுவிரலைக் கழுவி வந்து
பிள்ளையின் உதட்டருகே வைத்தாள்.
தூக்கத்திலேயே வாய் அதைத் தேடிக் கவ்வியது.
வயிற்றுக்குப் பால் ஒரு வழியில்,
வாய்க்கு வேலை வேறொரு வழியில்.
கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றாய் நடந்தன.

வாய்வழி, எட்டு என்று எழுதினேன்.
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"ஒன்பது போடு. ஒன்று என் சட்டையில் இருக்கிறது."

எட்டை மாற்றவில்லை.
பக்கத்தில், சின்ன எழுத்தில்:
சட்டையில் ஒன்று.