சரிவெங்கும் ஏராளம்

தாளில் தைத்த செடிக்கு வயது நூற்றுப் பன்னிரண்டு.
பழுப்பேறிய நூல், அந்துருண்டை வாசம்,
சேகரித்தவர் கையெழுத்தில் ஒரே குறிப்பு:
ஜவ்வாது மலை, உச்சிச் சரிவு, அக்டோபர்.
சரிவெங்கும் ஏராளம்.

ஏராளம் என்றால் எத்தனை துரை?
நூறா, ஆயிரமா,
எண்ண அலுத்துப்போன ஒரு மத்தியானமா?

வேலூரில் அன்றைக்கு நாற்பத்திரண்டு டிகிரி.
கல்லூரி மூன்றாம் மாடியில், ஓடாத விசிறிக்கடியில்
பதினோரு மாத ஒப்பந்தத்தில் நான்.
மேசையில் செம்பட்டியல் படிவம்.
செடியின் இப்போதைய நிலை: தகவல் போதாது.
மார்ச்சுக்கு அப்புறம் என் நிலையும்
ஏறக்குறைய அதுதான்.

ரோஜாக் குடும்பம் பெரிய குடும்பம்.
ஆஸ்பத்திரி வாசலில் கிலோ இருநூற்றெண்பது என்று
வங்காளத்திலும் கூவி விற்கிற ஆப்பிள்
இதற்குச் சித்தப்பா மகன்.
பால்கடைச் சட்டியில் கொதிக்கும் பாதாம் தூரத்து மாமன்.
மார்க்கெட்டில் கூடை கூடையாய் இறங்கும் பன்னீர் ரோஜாவுக்கு
மலையில் இப்படி ஒரு சொந்தம் உண்டென்று தெரியாது:
சட்டைப் பொத்தான் அளவு. மஞ்சள். ஐந்து இதழ்.
ரம்பப் பல் வைத்த மும்மூன்று இலை.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை
ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு நடந்தோம்.
வெள்ளச்சி முன்னால் ஏறினாள்,
கூலி அறுநூறு, ஏறுமுன்பே பேசி முடித்தது.
சாமைக் கொல்லை, தைல மரம், அப்புறம் புல்,
அப்புறம் வானம்.
இதற்கு மேல் மலை இல்லை.
ஒவ்வொரு கோடைக்கும் ஓரடி மேலேறி வந்த செடி
இங்கே வந்து நிற்கிறது,
கடைசி மாடியில் இன்னும் மேலே போக
லிஃப்ட் பொத்தானை அழுத்துகிறவன் மாதிரி.

பதினேழு.
இன்னொரு தடவை எண்ணினேன். பதினேழு.
மூன்றாம் தடவை ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தால்
தரையோடு தரையாய்ச் சிவப்புக் கொடி,
ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடி வேர்பிடித்திருக்கிறது.
பதினேழா, ஒன்றா?
தோண்டினால் தெரியும்.
தோண்டினால் பூஜ்யம்.

"ஒன்னு கைய ஒன்னு புடிச்சிக்கினு கீது,
எங்கக்கா பிரிச்சி எண்ணுவ?"
உள்ளூர்ப் பெயர் கேட்டேன்.
"பேரு இல்ல. ஆடு திங்காது."
அதையே எழுதிக்கொண்டேன்.
"எழுதினா என்னா ஆவும்?"
அழியப்போகுதுன்னு அறிவிப்பாங்க. வேலி போட்டாலும் போடுவாங்க.
"யாருக்கு?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முதிர்ந்த செடிகள்: எண் மட்டும் இடுக.
ஒன்று முதல் பதினேழு வரை என்று அடித்தேன்,
சிவப்பெழுத்தில் திட்டியது.
ஒன்று என்று போட்டு, மனசு கேட்காமல் அழித்தேன்.
பதினேழு. அனுப்பு.
ஜன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் அலறிப் போனது,
உள்ளே இருப்பவர் எந்தக் கட்டத்தில் என்று தெரியவில்லை.

கார்த்திகையில் வெள்ளச்சி போன் செய்தாள்.
பாதி காற்று, பாதி குரல்.
"உன் பூவு கீழ்ப்பாற சந்துல கீதுக்கா,
தேனுக்கு எறங்கச் சொல்லோ பாத்தேன்."

மேலே இல்லை. கீழே.
வெயில் எட்டாத ஈரத்தில்,
யாரும் ஏறிப்போகிற வழியில் திரும்பிப் பார்க்காத இடத்தில்.

எத்தனை? வெள்ளச்சி, எத்தனை?

"எண்ணல.
கை ரெண்டும் தேனு."