சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பி

ஃபிரே பெந்தோஸிலிருந்து மெர்செதெஸுக்கு
முப்பது கிலோமீட்டர்.
யூகலிப்டஸ் வரிசை முடிகிற இடத்தில்
ஆகஸ்ட் மழையில் என் மோரிஸ்
மூன்று முறை இருமிவிட்டு நிற்கும்.
எப்போதும் அங்கேதான்.
மர்மம் ஒன்றுமில்லை. மேடு அங்கே இருக்கிறது.

இரவுப் பணிக்குப் போகும் நர்ஸின் கைப்பையில்
நக அரம் ஒன்று.
நகத்துக்கு அல்ல.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கொக்கிகளைத் தட்டிவிட்டால்
உள்ளே பாயிண்ட்:
இரண்டு உலோக உதடுகள்,
நிமிடத்துக்கு ஆறாயிரம் முறை தொட்டு விலகி
விலகும்போதெல்லாம் கொஞ்சம் கருகி
ஒன்றில் மேடும் மற்றதில் பள்ளமுமாய்.
அரத்தால் நாலு இழுப்பு.
நடுவில் விடவேண்டிய இடைவெளிக்கு
மருந்து அட்டையின் ஓரம் சரியான கனம்.
நெருங்கினால் எரியும், அகன்றால் பொறி வராது.
என் கணவன் ஊரைவிட்டுப் போன வருடம்
இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன்,
மழையில், தனியாக, சத்தமாக.

வில்மார் தெச்சேரா ரேடியோ பழுது பார்ப்பவர்.
என் விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"நர்ஸ் கையா இது?"
அடுத்த சனிக்கிழமை
தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டியோடு வந்தார்,
காந்தம் பதித்த ஒரு வளையமும்.
பாயிண்டைக் கழற்று, கண்டென்சரைக் கழற்று,
வளையத்தை கேம் மேல் மாட்டு,
காயிலுக்கு இரண்டே கம்பி. அவ்வளவுதான் என்றார்.
அதற்குள் ஒரு திருகாணி உள்ளே விழுந்தது.
அதைத் தேடி எடுப்பதற்குள்
கெண்டித் தண்ணீர் ஆறி
மாத்தே இரண்டு முறை கசந்து போனது.

சாவியைத் திருப்பினேன்.
சின்னதாக ஒரு புகை, கருகிய பிளாஸ்டிக் வாடை.
என் அரை மாதச் சம்பளம்
ஒரு நொடியில்.

வில்மார் பேட்டரியைப் பார்த்தார்.
குனிந்து இன்னொரு முறை பார்த்தார்.
உலகமெல்லாம் எதிர்முனையை உடம்பில் கட்ட
இந்த ஐம்பத்தெட்டாம் வருடத்து மோரிஸ்
நேர்முனையைக் கட்டிக்கொண்டு
இத்தனை காலம் ஓடியிருக்கிறது.
யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.
அவருக்குக் காது மடல்வரை சிவந்தது.
"ரேடியோக்காரன் நான்," என்றார்,
"முனை பார்க்காமல் தொட்டிருக்கிறேன்."
நான் ஆறுதல் சொல்லவில்லை. காசு என்னுடையது.

இரண்டாவது பெட்டி பத்து நாள் கழித்து
புவனோஸ் அய்ரெஸ் பஸ்ஸில் வந்தது.
பணம் கொடுக்கப் போனேன், கதவைத் திறக்கவில்லை,
ரேடியோ மட்டும் உள்ளே பாடிக்கொண்டிருந்தது.
இந்த முறை பேட்டரியைத் திருப்பி வைத்தார்,
காயில் கம்பிகளை இடம் மாற்றினார்,
டைனமோவுக்கு ஒரு சொடுக்கு மின்சாரம் காட்டி
அதன் பழைய திசையை மறக்கடித்தார்.
சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று
என்னையும் மூன்று தடவை சொல்லவைத்தார்.

அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது எஞ்சின்.
காந்தம் கடந்து போகிறது, எதையும் தொடுவதில்லை,
தொடாததால் தேய்வதில்லை.

"ஒன்று சொல்லிவிடுகிறேன்," என்றார் வில்மார்,
கைத்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி.
"பழையது இருமும், மல்லுக்கட்டும், மன்றாடும்.
இது அப்படியில்லை.
போனால் போனதுதான். முன்னறிவிப்பு கிடையாது."

எங்கள் வார்டிலும் இரண்டு வகை உண்டு.
ஏழாம் கட்டில் பெரியவர்
மூன்று வாரம் மணியடித்து மணியடித்து
எங்கள் எல்லோரையும் ஓடவைத்துவிட்டுப் போனார்.
பக்கத்துக் கட்டிலில் பள்ளிக்கூடத்துக் காவல்காரி
சூப்பை முடித்து, கரண்டியைத் துடைத்து வைத்து,
நான் தட்டை எடுக்க வருவதற்குள்.

பழைய பாயிண்டையும் கண்டென்சரையும்
மாத்திரை டப்பாவில் போட்டு
முன்னறையில் வைத்திருக்கிறேன்,
திருப்புளியோடு. அட்டை ஒன்றும் கூட.

நேற்று மழை.
யூகலிப்டஸ் வரிசை எப்போது முடிந்ததென்றே தெரியவில்லை.
மருத்துவமனைக்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிட்டேன்.
என்ன செய்வதென்று தெரியாமல்
வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து
அந்த அரத்தால் நகத்தைத் தேய்த்தேன், முதல்முறையாக.
கருகல் வாசனை வந்தது.