மூன்றாவது வரி

டயர் கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
டுலூத்தில் பனி கொட்டும் நாட்களில்
ஜன்னலைத் திறக்க முடியாது,
ரப்பர் வாசனையோடுதான் மதியச் சாப்பாடு.
காப்பீட்டிலிருந்து திரும்பி வரும் பில்கள்
என் மேஜையில் இறங்கும்.
இன்று பதினேழு.

ஒன்பதாவது:
மார்பு எக்ஸ்ரே, இரண்டு கோணம்.
முழங்கால் மாற்று அறுவைக்கு முன் எடுத்தது.
புதுப்பையன் ட்வெட்
மூட்டுத் தேய்மானத்தை முதலில் போட்டு
அதோடு நிறுத்திவிட்டான்.
காப்பீட்டுக்காரன் கேட்கிறான்:
முழங்கால் வலிக்கு நெஞ்சை ஏன் படம் பிடித்தீர்கள்?
குழந்தைகூடக் கேட்கும்.

நோய்கள் பந்திக்கு முந்தும்.
அதிகம் வலிப்பது முதல் இலையில் உட்காரப் பார்க்கும்.
எழுப்பி இடம் மாற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
முதலில், இன்று எதற்கு வந்தார்:
இசட் பூஜ்யம் ஒன்று, புள்ளி, எட்டு ஒன்று ஒன்று.
கத்தி படுமுன் நுரையீரலைப் பார்த்துக்கொள்ள.
அப்புறம், கத்தி எதற்கு:
எம் பதினேழு, புள்ளி, ஒன்று ஒன்று.
வலது முழங்கால். கடைசி எண் இரண்டானால்
கால் மாறிவிடும்.
மூன்றாவதாக,
தேடாமலே ஏதாவது அகப்பட்டிருந்தால் அது.

அகப்பட்டிருந்தது.

ட்வெட் அறிக்கையின் கடைசிப் பத்திக்குப் போகவில்லை.
வலது மேல்மடலில் ஒற்றைக் கணு,
பதினான்கு மில்லிமீட்டர், விளிம்பு சீராக இல்லை.
அதற்கப்புறம் ஒரு சொல்,
நிச்சயம் இல்லாதவர்கள் எழுதுவது.
அதை ஒட்டி இன்னொன்று,
யாரும் உரக்கச் சொல்லாதது.

விதிப்புத்தகம் கறார்.
புறநோயாளிக்கு ஐயத்தைக் குறியிடக் கூடாது.
'இருக்கலாம்' என்பதற்கு எண் இல்லை.
'போலத் தெரிகிறது' என்பதற்கும் இல்லை.
கண்டதை எழுது, பயந்ததை விடு.
ஆகவே கணு மட்டும்:
ஆர் தொண்ணூற்றொன்று, புள்ளி, ஒன்று.
மூன்றாவது வரியில்,
தாமதமாக வந்த விருந்தாளி மாதிரி
அது பாட்டுக்கு உட்கார்ந்தது.

பெயர்களை நான் பார்ப்பதில்லை.
பிறந்த தேதி சரிபார்க்கக் கண்ணை உயர்த்தினேன்.
ஹௌக்லண்ட், ஓர்வில்.

எங்கள் பக்கத்துப் பனிவண்டிக்காரர்.
அவருக்கும் வரிசை உண்டு:
மருத்துவமனைச் சாலை, பள்ளிக்கூட மேடு,
எல்லாம் முடிந்து என் சந்து.
பதினோரு வருடமாக அதிகாலை நாலரைக்கு
என் கார் வழியை மறித்து
இடுப்புயர வரப்பு கட்டிவிட்டுப் போகிறார்.
பதினோரு வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
வாய்க்கு வந்தபடி வைகிறேன்.
கையாட்டுவார்.
வாழ்த்து என்று நினைத்திருப்பார்.

யாராவது அவரிடம் சொன்னார்களா?
என் திரையில் அதற்குக் கட்டம் இல்லை.
எலும்பு டாக்டர் அலுவலகத்துக்கு ஒரு வரி அனுப்பினேன்:
கடைசிப் பத்தியைத் தயவுசெய்து பார்க்கவும்.
இருபது நிமிடத்தில் பதில்:
சரி.
எது சரி?
பார்த்தது சரியா, பார்க்கப்போவது சரியா,
சொல்லிவிட்டது சரியா?
மறுபடி கேட்கும் உரிமை
என் அடையாள அட்டைக்கு இல்லை.

மறுநாள் நாலரை.
தார் மேல் இரும்பு உரசும் சத்தம் கேட்டதும்
மண்வாரியோடு வெளியே வந்தேன், முதல் தடவையாக.
வண்டி நின்றது.
இடது காலை ஊன்றி,
கதவைப் பிடித்துக்கொண்டு
வலதை மெல்ல இறக்கினார்.
"இன்னிக்குக் கம்மியாத்தான் தள்ளியிருக்கேன், மார்லிஸ்."
என் பெயர் அவருக்குத் தெரியும் என்று
எனக்குத் தெரியாது.
"முழங்காலுக்கு நாள் குறிச்சாங்க,
இப்ப தள்ளிப் போட்டுட்டாங்க.
இன்னொரு படம் எடுக்கணுமாம்."
"அப்படியா" என்றேன்.
நான் சொன்ன பொய்களிலேயே
சின்னது அது, ஒரே சொல்.

வரப்பு உண்மையில் குறையவில்லை.
முக்கால் மணி நேரம் வாரினேன்.

ஒன்பது மணிக்கு அந்த பில்லை அனுப்பினேன்.
இசட், எம், ஆர்.
இந்த முறை பணம் வந்துவிடும்.

பத்தாவது:
இடது கண், புரை.
ட்வெட் வலது என்று போட்டிருக்கிறான்.