மடியில் கனம்

சியூ யுன்ஹெங். மண்ணியல், முனைவர் ஆய்வு, மூன்றாம் ஆண்டு.
முகவரி மாறினால் பத்து நாளுக்குள் அவன் எனக்குச் சொல்ல வேண்டும்,
இருபத்தொரு நாளுக்குள் நான் அரசாங்கத்துக்கு.
இரண்டு முறை மாறினான். இரண்டு முறையும்
ஒன்பதாம் நாளே வந்து நின்றான்,
பனிக்காலணியைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு
வெறும் காலுறையோடு.
இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரியில் வந்த இரண்டு பேர்
கழற்றவில்லை. கம்பளமெங்கும் உருகிய பனி, சாலை உப்பு.
மூத்தவர், ஹால்வர்சன், மேசையில் ஒரு படம் வைத்தார்.
கம்பி வேலி. மூலைக் கம்பம்.
உச்சியில் வெள்ளையாக ஏதோ.
"ஆந்தை என்கிறான்" என்றார்.
"உங்களுக்கு எப்படித் தெரிகிறது?"

அச்சில் கொஞ்சம் கலங்கியிருந்தது.

வேலிக்குப் பின்னால் இருப்பது மட்டும் தெரியும்.
வடக்கு டக்கோட்டாவில் அது
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கும் தெரியும்.
அந்தச் சதுரத்தை விமானப்படைக்குக் கொடுத்தவர் என் அப்பா.
அதைச் சுற்றியே கோதுமை விதைத்தோம்,
அதைச் சுற்றியே அறுத்தோம்.
அடியில் நிற்கும் ஏவுகணை எந்த ஊரைப் பார்த்திருக்கிறது என்று
சாப்பாட்டு மேசையில் ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை.
உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு என்போம்.

"பறவைகளில் அவனுக்கு முன்பே ஆர்வம் உண்டா?"
கோப்பைத் திறந்தேன்.
கடவுச்சீட்டு எண். பாட அலகுகள் ஒன்பது.
வங்கியில் பணம் இருக்கிறதென்று
ஹெஃபேயிலிருந்து அவன் அத்தை எழுதிய கடிதம்.
பறவைக்குக் கட்டம் இல்லை.

தெரியாது என்றேன்.
அந்த உண்மை அவனுக்கு எந்தப் பக்கம் போய் விழுந்ததோ.

ஹால்வர்சன் கெட்டவர் இல்லை. மகன் கடற்படையில், குவாமில்.
போகும்போது கையுறையை மாட்டிக்கொண்டே,
"மடியில் கனம் இல்லையென்றால்
வழியில் என்ன பயம், மார்லிஸ்?" என்றார்.

இத்தனை கனத்தை மடியில் கட்டிக்கொண்டு
அறுபது வருஷம்
பயமே இல்லாமல் தூங்கியிருக்கிறோம் நாங்கள்.

அன்று மாலையே யுன்ஹெங் வந்தான்.
காலுறையில் ஒரு ஓட்டை.
ஆந்தைதான் என்று நிரூபிக்க என்ன படிவம் என்று கேட்டான்.
கேலியில்லை, கையில் பேனா இருந்தது.
பிறகு ஒரு காகிதக் கைக்குட்டையைப் பிரித்தான்.
ஆந்தை விழுங்கிக் கக்கிய உருண்டை:
சாம்பல் மயிர், அதற்குள் ஒரு தாடை,
ஊசி ஊசியாய் விலா எலும்பு.
"பனிக்கட்டி எலும்பைக் கக்காது" என்றான்.
முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

அது எங்கே கிடந்தது என்று சொல்ல வாயெடுத்தான்.
கையை உயர்த்தித் தடுத்தேன்.

மூலைக் கம்பத்தடியில் அல்லாமல் வேறெங்கே கிடக்கும்?
சாலையிலிருந்து எண்பது அடி. எச்சரிக்கைப் பலகையையும் தாண்டி.
அவனைக் காப்பாற்றும் என்று அவன் கொண்டுவந்தது
அவன் நடந்த தூரத்தின் அளவு.

என் இழுப்பறையில், ஸ்டேப்ளர் ஊசிகளுக்குப் பக்கத்தில்
இப்போது ஒரு வயல் எலி முழுதாக இருக்கிறது.
இருபத்தொரு நாள் என்றேன் அல்லவா.
இன்று பதினேழு.