அறுபத்திரண்டு தட்டுகள்

கடலில் உறைந்து நிற்கும் பனிப்பாறையை உடைத்து
சறுக்குவண்டியில் இழுத்துவந்து
உருக்கித்தான் குடிக்கிறோம், குளிர்காலம் முழுக்க.
அதில் பாதியை நான் கீரைக்கு ஊற்றிவிடுகிறேனாம்.
கடையில் பேச்சு.
பாதியெல்லாம் இல்லை.
நாளுக்கு மூன்று வாளி.

அக்டோபரில் போன சூரியன்
பிப்ரவரியில்தான் எட்டிப்பார்க்கும்.
அதுவரை எங்கள் ஊரின் பகல்
கப்பலில் வந்திறங்கிய ஓர் இரும்புப் பெட்டிக்குள்.
காலை ஆறுக்கு விசையைத் தட்டுவேன்.
ஊதாவும் சிவப்புமாக
விடியும்.

மண் கிடையாது.
தண்ணீருக்குள் வேர்கள்
அவிழ்ந்த நூல்கண்டாகத் தொங்கும்.
தேனீயும் கிடையாது.
ஸ்ட்ராபெரி பூத்தால்
நரிமுடித் தூரிகை எடுத்து
பூ பூவாகத் தொட்டுக்கொண்டு போவேன்.
'அம்மாவின் வேலை: தேனீ' என்று
அவியாயா பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

இலாங்குவாக் மட்டும் உள்ளே வந்ததில்லை.
'புல்லை எருது தின்னட்டும்,
எருதை நான் தின்றுகொள்கிறேன்'
என்பான், கதவுக்கு வெளியே நின்று.

ஜனவரியில் அந்தப் புயல்.
இரவு இரண்டு மணிக்கு டீசல் நிலையம் இருமியது,
இன்னொரு முறை இருமியது,
அவ்வளவுதான்.
பெட்டிக்குள் பதினெட்டு டிகிரி.
பிறகு பதினொன்று.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஏழைப் பார்த்தேன், ஆறைப் பார்த்தேன்.

வாக்கிடாக்கியை எடுத்தேன்:
'வீட்டுக்கு ஒரு தட்டு.
மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிற வீடானால் இரண்டு.
நான் துகும்மெக் பேசுகிறேன்.'
என்னைத் தவிர யார் பேசப்போகிறார்கள் கீரைக்காக,
பெயரை வேறு சொன்னேன்.
இரைச்சல்.
வெறும் இரைச்சல்.

அப்புறம் கதவு தட்டப்பட்டது.
வீட்டுக்கு வீடு கயிறு கட்டி
அதைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.
தட்டை வயிற்றோடு அணைத்து
மேலே அங்கியை இழுத்து மூடி
திரும்பிப் போனார்கள்,
ஆணும் பெண்ணும் பள்ளிப் பிள்ளைகளும்,
ஊரே பிள்ளைத்தாய்ச்சியாக,
இருட்டில், மெல்ல, காலைப் பார்த்து வைத்து.
கடைசியாக ஏழு மாத வயிற்றோடு
ஒன்றும் பேசாமல் போனது
இலாங்குவாக்.

ஸ்ட்ராபெரித் தொட்டி
சுவரோடு திருகாணி போட்டு முடுக்கியது.
கழற்றப் பார்த்தேன்.
விரல் ஒத்துழைக்கவில்லை.
கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது.
தட்டுகளும் வரத் தொடங்கின.
ஒன்றில் எல்லாச் செடிக்கும் பெயர் எழுதிக் குத்தியிருந்தது.
ஒன்றின் மேல் யாரோ சீல் கறித் துண்டு வைத்திருந்தார்கள்,
வெறுந்தட்டாய் இருந்தால் மரியாதை இல்லையே என்று.
ஒன்றை நாய் முடித்துவிட்டது.
ஒரு வீட்டில் கூச்சமே இல்லாமல் சொன்னார்கள்:
'பசித்தது. நன்றாக இருந்தது.'
போனது அறுபத்திரண்டு,
வந்தது ஐம்பத்து நான்கு.

எட்டாவதைத் தேடி இலாங்குவாக் வீட்டுக்குப் போனேன்.
அடுப்புக்கு மேலே
ஈட்டிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.
விளக்கிருந்த பக்கமாக
கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது லெட்யூஸ்.
'இன்னும் தேறவில்லை' என்றான்.
'இருக்கட்டும்.'
நன்றாகத் தேறித்தான் இருந்தது.
தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

தலைநகரத்திலிருந்து படிவம் கேட்டார்கள்.
'இழப்பு' என்ற கட்டத்தில்
ஏழு என்று எழுதினேன்.
ஒன்று விருந்துக்குப் போயிருக்கிறது,
அதற்குக் கட்டம் இல்லை.

ஸ்ட்ராபெரி உருகியதும்
வெந்த கீரைபோல் கறுத்துச் சரிந்தது.
ஒரு வாளியில் அள்ளினேன், பாதிகூட நிறையவில்லை.
நரிமுடித் தூரிகை ஆணியில் இருக்கிறது.
அவியாயா அதைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
இந்த வாரம் பள்ளியில் யாரும்
அம்மாவுக்கு என்ன வேலை என்று
கேட்காமல் இருந்தால் போதும்.