ஒட்டுத்தாள்

இரண்டாம் ஞாயிறு மாலை, மஞ்சக்குப்பத்தில்
என் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஐந்து பேர் உட்காருவோம்.
நாற்காலி மூன்றுதான்.
ஹாஜா முகைதீன் தாள் கட்டுகளின் மேல்,
உத்திராபதி எப்போதும் தரையில்.
பேச்சு ஒன்றைப் பற்றித்தான்:
வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும்
அந்தச் சேற்றுக்காடு.

அதைப் பற்றி அச்சில் வந்த எதையும் விடுவதில்லை.
வனத்துறையின் இருபது பக்கக் கையேடு.
யாரோ ஒரு துரையின் நாட்குறிப்பு, பக்கத்துக்குப் பக்கம் கொசு.
கரையான் ருசி பார்த்த தாவரப் பட்டியல்.
அப்புறம் ஒரு காதல் நாவல், அதில் நாயகி
சுரபுன்னை வேரில் சாய்ந்து அழுகிறாள்.
"சாய்ஞ்சாளா? முழங்கால் சேத்துலயா? செருப்போடயா?"
அஞ்சலாட்சி சிரித்ததில் சிந்திய டீ
நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

விதி ஒன்றே. பென்சிலால் மட்டும் எழுதலாம்.
'தில்லைப் பால் பட்டால் கண் போகும்' என்ற வரிக்குப் பக்கத்தில்
அஞ்சலாட்சி: போகாது. மூன்று நாள் எரியும். கண் வார்டில் பார்த்திருக்கிறேன்.
அதற்குக் கீழே ஹாஜா:
என் பெரியப்பாவுக்குப் போனது.
அதற்கும் கீழே உத்திராபதி: ரெண்டும் நடக்கும்.

அவன் கிள்ளையில் துடுப்பு போடுகிறவன்.
எழுதுவது குறைவு. எழுதினால்
அச்செழுத்து கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்ட மாதிரி இருக்கும்.

ஐப்பசியில் புதிதாக ஒன்று சுற்றுக்கு வந்தது.
வழவழத் தாள். நடுவில் மடித்த வரைபடம்,
புறங்கை நரம்பு போல வாய்க்கால்கள்.
அவன் முறை முடிந்து திரும்பியபோது
கிழக்கு ஓரத்தில் காலண்டர் தாள் துண்டு ஒன்று.
சோற்றுப் பசை.
கொக்குகள் கூடு கட்டும் ஓடையின் மேல்
சனிக்கிழமை, அமாவாசை,
ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை.

ஹாஜா கொதித்தான். நானூற்றைம்பது ரூபாய் புத்தகம்.
"பிடிக்கலன்னா ஓரத்துல எழுது. மூடுறதுக்கு நீ யாரு?"
"பேர் தெரிஞ்சா தேடி வரான்," என்றான் உத்திராபதி,
"படம் தெரிஞ்சா தேடாமலே வந்துடறான்."
சர்வேயர் வில்வநாதன் கண்ணாடியைக் கழற்றினார்:
"எழுதாத ஓடை எங்க ஆபீஸ்ல தரிசு, தம்பி.
தரிசுன்னா நாளைக்கே இறால் குட்டை."

இருவரும் சரி. அதுதான் கஷ்டம்.
டியூப்லைட்டுக்கு எதிரே பக்கத்தைப் பிடித்தேன்.
தாளுக்கு அடியில் ஓடை தெரிந்தது,
ராகு காலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு.
நான் வாயே திறக்கவில்லை.
சுற்றுக்கு விடும் முன்பே அந்தப் படத்தை
நடுமடிப்போடு நகலெடுத்து வைத்திருந்தேன்.
கடைக்காரி புத்தி.

தை கடைசியில், யாரிடமும் சொல்லாமல்
வேறொரு படகை அமர்த்திப் போனேன்.
கிழக்கே, இரண்டாவது பிரிவு, இடக்கைப் பக்கம்.
படம் சொன்ன இடத்தில் ஓடை இல்லை.
மேடு தட்டி, உமரி சிவந்து கிடந்தது.
"போன மழையிலயே தூர்ந்துபோச்சு," என்றான் படகுக்காரன்.
திரும்பும் வழியில்
துடுப்பு தானாக நின்றது.
மரம் முழுக்க வெள்ளை.
தண்ணீரும் வெளுத்திருந்தது, எச்சத்தால்.
குஞ்சுகளின் கத்தல். ஒரு நாற்றம்,
எந்தப் பக்கத்திலும் வாசிக்காத நாற்றம்.

மாசியில் புத்தகம் என் முறைக்கு வந்தது.
ஒட்டுத்தாளின் முனை கிளம்பியிருந்தது,
யாரோ நகத்தால் சுரண்டிய தடம்.
ஓரத்தில் வில்வநாதன்: சரிபார்க்க வேண்டும்.
பென்சிலைச் சீவினேன்.
இங்கே இல்லை என்று எழுதினால்
எங்கே என்று அடுத்த வரியிலேயே கேட்பான் ஹாஜா.

தரையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த உத்திராபதி
என் செருப்பைப் பார்த்தான்.
வாரில், கழுவியும் போகாத சாம்பல் சேறு.
பார்த்துவிட்டு மறுபடி ஆற்றத் தொடங்கினான்.

கோந்து பாட்டிலை எடுத்து
முனையை அழுத்தி ஒட்டினேன்.
சனிக்கிழமை.
அமாவாசை.