இருநூற்றுப் பதினேழு

டிக்கோயாவில் துரைமார் கிளப்பை விற்கிறார்கள்.
பில்லியர்ட்ஸ் மேசைக்குக் கண்டியிலிருந்து ஆள் வந்தாயிற்று.
புத்தகங்களை எண்ண என்னை விட்டிருக்கிறார்கள்:
ஒரு ரப்பர், ஒரு தூரிகை, ஒரு பதிவேடு.
பென்சில் கிறுக்கல் இருந்தால் விலை குறையுமாம்,
அழித்துவிடச் சொன்னார் ஏலக்காரர் வெத்தசிங்க.

இருநூற்றுப் பதினேழுக்கு அட்டையில்லை.
கரையான் முன்னுரையைத் தின்று
முதல் அத்தியாயத்தில் களைத்துப் போயிருந்தது.
மிசூரி ஆற்றில் படகேறிப் போன
யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலத்தில்.
ஓசேஜ் என்னும் மக்களைப் பார்க்கிறார்.

முதலில் அளக்கிறார்.
ஆறடிக்குக் குறைந்த ஆண் அரிது என்கிறார்.
மழித்த தலை, நடுவே சேவல் கொண்டை,
புருவம் பிடுங்கிய முகம்,
காதில் தொங்குவதைக்கூட எண்ணியிருக்கிறார்.
குதிரைகளுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரு பத்தி.

பிறகு நாற்பத்தோராம் பக்கம்.
விடியுமுன்னே ஊரே அழுகிறது.
ஒரு குடிசையில் தொடங்கி அடுத்த குடிசைக்குத் தாவி
வெயில் ஏறியதும் சட்டென நிற்கிறது.
அழுதவன் எழுந்து வந்து சிரித்தபடி
விருந்தாளிக்குச் சோளக்கஞ்சி ஊற்றுகிறான்.
ஆகவே இக்கண்ணீர் பாசாங்கு என்பது அவர் முடிவு.
யாருக்காக என்று கேட்டாராம்.
மொழிபெயர்ப்பாளன் நெடுநேரம் விசாரித்து வந்து
ஒற்றைச் சொல் சொன்னான்:
செத்தவர்களுக்காக.
அது ஒரு பதிலாகப் படவில்லை அவருக்கு.

ஓரத்தில் பென்சில். சாய்ந்த, படித்த எழுத்து:
"நம் கூலிகளேதான். வருஷா வருஷம்
ஒரு சாமியை எரித்து மாரடிக்கிறார்கள்,
மூன்றாம் நாள் எழுப்பிவிட்டுச் சாராயம்."
கீழே, மார்ச் 1893.

அப்படியானால் காமன் கூத்து.
பங்களா வராந்தாவில் நின்று பார்த்திருப்பார்.
ரதிக்கு வேஷம் கட்டியவன் பகலில்
அவர் குதிரைக்குப் புல்லறுத்தவனாக இருக்கலாம்.

போன வருஷம் எங்கள் டிவிஷனில் ரதி கட்டியது
ஓட்டோ ஓட்டும் தவசீலன்.
எரிந்த இடத்தில் அவன் விழுந்து புரண்டபோது
நான் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.
நல்லாச் செய்கிறான் என்று பக்கத்தில் சொன்னேன்.
தையில் அவன் பிள்ளை போனது
வீட்டில் வீடியோவைத் திரும்பப் போட்டபோதுதான்
ஞாபகம் வந்தது.

ரப்பரை எடுத்தேன். வைத்தேன்.

நம்மைப் போலவே என்று நானும்
மனசுக்குள் ஒரு கோடு இழுத்துவிட்டது
அப்புறம்தான் உறைத்தது.
ஓசேஜ் ஆள் ஒருவரையும் நான் கண்டதில்லை.
மிசூரி எந்தப் பக்கம் பாயுமென்று தெரியாது.
அவர்கள் அழுதது அவர்களுடைய செத்தவர்களுக்கு,
அதில் பங்கு கேட்க நான் யார்.
பிரெஞ்சுக்காரரின் காது, துரையின் பென்சில்,
அத்தனையும் கடந்து டிக்கோயா வந்து சேர்ந்தது
அழுகை நின்ற பிறகான
அந்தக் கஞ்சியின் சூடு மட்டும்தான்.

பதிவேட்டில் எழுதினேன்:
217. பயணநூல். அட்டை இல்லை. கரையான்.
ஓரக்குறிப்பு உண்டு. அழிக்கப்படவில்லை.
விலையில் முந்நூறு குறைத்தேன்.
வெத்தசிங்க கேட்டால்
என் கூலியில் பிடித்துக்கொள்ளட்டும்.